நாற்பது பஸ்ஸும் ஒரே வாசலும்

மாப்ள: இன்னொரு தடவை துடைங்க மாமா. டிப்போ மேனேஜர் பத்து மணிக்கு வந்துடுவார்.

மாமா: துடைச்சுத் துடைச்சு என் மூஞ்சியே தெரியுது அதுல. பார்க்கத்தான் சகிக்கல.

மாப்ள: அதுக்கு மெஷின் என்ன பண்ணும்? சரி, அவர் கேட்டா என்ன சொல்வீங்க?

மாமா: “சார், இது குவாண்டம் கம்ப்யூட்டர். விண்வெளியைவிடக் குளிரா வச்சாத்தான் கணக்குப் போடும். உங்க நாற்பது பஸ்ஸும் எப்பக் கிளம்பணும்னு தினமும் இதுதான்...” மாப்ள, மிச்சத்தை நீயே சொல்லிடேன்.

மாப்ள: ஏன்?

மாமா: ஜலதோஷம் பிடிச்சிருக்கு.

மாப்ள: மீன் கிடங்குல இருபது வருஷம் ஐஸோட ஐஸா நின்னவருக்கா?

மாமா: ...கதவைச் சாத்து.

மாப்ள: சாத்தியாச்சு.

மாமா: அந்த மூடிக்குள்ள கையை விடு.

மாப்ள: விட்டா விரல் மிஞ்சாதுன்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க!

மாமா: விடுடா. என்ன இருக்கு?

மாப்ள: என்னமோ... உருண்டையா... ரெண்டு.

மாமா: பல்லி முட்டை.

மாப்ள: மாமா!

மாமா: குளிர வைக்கற பம்பு நின்னு மூணு வாரமாச்சு. உன்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு நானே பிரிச்சு மேய்ஞ்சேன். திரும்பச் சேர்க்கத் தெரியல.

மாப்ள: அப்ப இந்த ‘சிக்கு சிக்கு’ சத்தம்?

மாமா: பின்னாடி பாரு. மீன் கிடங்கோட பழைய மோட்டார். சும்மா சுத்துது.

மாப்ள: தினமும் காலையில அட்டையில டிகிரி எழுதினீங்களே...

மாமா: முந்தின நாளைப் பார்த்து எழுதினேன். திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன், நம்பற மாதிரி இருக்கட்டும்னு.

மாப்ள: நானும் நம்பிட்டேனே!

மாமா: உங்க அக்கா தெரு பூராச் சொல்லிட்டுத் திரியறா, ஊர்லயே குளிரான இடத்தை எங்க வீட்டுக்காரர்தான் பார்த்துக்கறார்னு. கேக்கறப்பல்லாம் சாப்பாடு இறங்கல. ஏதாவது திட்டுடா.

மாப்ள: திட்ட வாய் வரல மாமா.

மாமா: ஏன்? நியாயமாப் பார்த்தா... இரு இரு. மெஷின் படுத்து மூணு வாரம். ஆனா நேத்துகூட டைம்டேபிள் போச்சே?

மாப்ள: போச்சு...

மாமா: யாரு போட்டா?

மாப்ள: நம்ம வீட்டுப் பாப்பா வேணாம்னு தூக்கிப் போட்ட பழைய லேப்டாப் ஒண்ணு... மேசைக்கடியில...

மாமா: மூணு வாரமாவா?

மாப்ள: மூணு வருஷமா.

மாமா: அடப்பாவி!

மாப்ள: முதல் நாள் மட்டும்தான் மெஷின் போட்டுச்சு. நாற்பது பஸ்ஸையும் ஆறரைக்கு, ஒரே வாசல் வழியா விடச் சொல்லிச்சு. அனுப்பின பிறகுதான் பார்த்தேன். டிப்போவுலேர்ந்து ஒரு வார்த்தை வரல. மறுநாள்லேர்ந்து லேப்டாப்.

மாமா: அப்ப நான் காய்ச்சலோட வந்து, கம்பளியைப் போத்திக்கிட்டு... வெறும் பெட்டியையா குளிர வச்சேன்?

மாப்ள: நீங்க அவ்வளவு அக்கறையா அந்த அட்டையில எழுதறதைப் பார்த்துத்தான் சொல்ல முடியல.

மாமா: நமக்கு இருக்கறது இந்த ஒரே வாடிக்கை. இன்னிக்கு அதுவும் போச்சு.

மாப்ள: போகட்டும். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால ஆகாது.

மாமா: கார் சத்தம்... வந்துட்டார். மோட்டாரை நிறுத்தவா?

மாப்ள: இருக்கட்டும். வாங்க சார், வாங்க.

மேனேஜர்: அடேயப்பா! இதுதானா? சத்தமே என்ன கம்பீரம்!

மாமா: சார், அந்தச் சத்தம் வந்து...

மாப்ள: நான் சொல்றேன் மாமா. சார், உங்க டைம்டேபிள்...

மேனேஜர்: கொஞ்சம் பொறுங்க தம்பி, தைரியம் போறதுக்குள்ள நான் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமையோட நான் ரிட்டயர். முதல் நாள் நீங்க அனுப்பினதைப் பிரிச்சேன். நாற்பது பஸ்ஸும் ஒரே நிமிஷம், ஒரே வாசல். இவ்வளவு பெரிய மெஷின் சொல்லுதே, நமக்குத்தான் மூளை எட்டலன்னு நினைச்சேன். புரியலன்னு சொல்ல வெட்கம். அன்னிக்கு மூடினதுதான், அப்புறம் ஒண்ணையும் பிரிக்கல. பஸ்ஸெல்லாம் பழையபடிதான் ஓடுது. மேலிடத்துக்கு மட்டும் ‘பிரமாதம்’னு மாசாமாசம் எழுதினேன். போறதுக்கு முன்னாடி இதுகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடலாம்னு வந்தேன். ஆமா... இதுக்கு முகம் எந்தப் பக்கம்?