ஐந்து மணிக்குப் பிறகு வந்த திருத்தம்

வெளியீட்டுக் குறிப்பை நான் எப்போதும் ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுவேன் மேடம். அதற்கு மேல் நீண்டால் யாரும் படிப்பதில்லை. என்ன புதிது, எதைத் திருத்தினோம், இன்னும் சரியாகாதவை எவை, யார் யார் உழைத்தார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் இருபத்திரண்டு பதிப்புகளுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் எழுத்துப்பிழை பார்க்க முடியாது.

‘கைத்தாங்கு’ பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் சிஸ்டர்களுக்கான, அதாவது வலி தணிக்கும் நர்ஸ்களுக்கான மென்பொருள் அது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை வேளை, எவ்வளவு என்று அவர்கள் போனிலேயே கணக்குப் போட்டுச் சொல்லும். இந்தக் கோழிக்கோட்டில் நான் தனியாளாகத் தொடங்கியது. பிறகு பதினைந்து பேர் சேர்ந்தார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதால் சம்பளம் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். உழைப்பவனுக்குக் கிடைப்பது பெயர் மட்டும்தான். அதனால் பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பலகாரத்தின் பெயர் வைப்போம். உன்னக்காய், சட்டிப்பத்திரி, இப்படி. அந்தப் பதிப்புக்கு அதிகம் உழைத்தவர் பெயர் வைப்பார். வெளியிடுகிற அன்று அதே பலகாரத்தைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பார். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் ஒன்பது வருடமும் அந்தத் தட்டு என் கையில்தான் இருந்தது.

ரின்ஸி வந்து இரண்டு வருடம் ஆகிறது. தெற்கே கூத்தாட்டுகுளத்துக்காரி, இங்கே ஒரு கம்பெனியில் வேலை. மருந்தளவுக் கணக்கு நான் எழுதியது. சிஸ்டர்கள் ஆறு திரை தாண்டித்தான் விடைக்கு வர வேண்டும். அவள் அதை ஒரே திரையில் அடக்கிவிட்டாள். அதன் பிறகு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். முன்பெல்லாம் சிஸ்டர்களுக்கு ஒரு சந்தேகம் என்றால் என் போன்தான் அடிக்கும். சோறு தின்ன விட மாட்டார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. கல்லாயி பக்கத்து நோயாளிகளைப் பார்க்கிற சுஹரா சிஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார். ஓடிப்போய் எடுத்தேன். “பிரசோபேட்டா, கோவிச்சுக்காதீங்க, ரின்ஸி நம்பர் கொஞ்சம் தர்றீங்களா” என்றார். கொடுத்தேன். இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கொடுத்தேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. வயிறு எரிந்தது. குளிக்கும்போது எரிந்தது, பஸ்ஸில் போகும்போது எரிந்தது. நேற்று முளைத்தவள் என்று நினைப்பேன். அவள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து குறை தேடுவேன். கிடைக்காது. கிடைக்காத நாளில் சாப்பாடு இறங்காது.

பிப்ரவரியில் நூலகத்து மாடியில் கூட்டம் நடந்தது. அஜேஷ் என்று எங்களோடு ஒருவன், வாய்த்துடுக்கு. எழுந்து நின்று, “இந்தத் தடவை தட்டு ரின்ஸி கையில. பிரசோபேட்டனுக்கு வயசாச்சு, ரிட்டயர்டு” என்றான். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவள் கிண்ணத்தப்பம் என்று பெயர் வைத்தாள். அது எங்கள் பக்கத்துப் பலகாரமாயிற்றே, உனக்குச் செய்யத் தெரியுமா என்று கேட்டேன்.

“செய்யத் தெரியாது சேட்டா. நல்லாத் திங்கத் தெரியும்.”

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிக நேரம் சிரித்தேன் என்று பிறகு அஜேஷ் சொன்னான்.

சனிக்கிழமை வெளியீடு என்றால் வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவோம். அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. கடைசி நேரத்தில் ஆளாளுக்குக் கை வைத்தால் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெடும். உயிர் போகிற விஷயம் என்றால் மட்டும் வெளியீட்டுப் பொறுப்பாளர் கதவைத் திறக்கலாம். பொறுப்பாளர் நான். அந்த விதியை எழுதியவனும் நான்.

ரின்ஸியின் திருத்தம் அந்த வியாழன் ஐந்து பன்னிரண்டுக்கு வந்தது. கூடவே போன் வந்தது. தம்பியின் மனசம்மதத்துக்காக, அதாவது சர்ச்சில் நடக்கிற நிச்சயதார்த்தத்துக்காக, ஊருக்குப் புறப்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் நின்றிருந்தாள்.

“சேட்டா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். ஏற்கெனவே பதிஞ்ச நோயாளிங்களுக்கு மருந்து பாட்டில் மாறினாலும் பழைய பாட்டில் கணக்கையே காட்டுது. வலி மருந்துல இது ஆபத்து. ஒரே வரிதான், அனுப்பிட்டேன். உள்ள எடுத்துருங்க. முடியாதுன்னா வெளியீட்டையே தள்ளி வைங்க.”

இரண்டு வருடம் தேடியது, அவளே கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்த வரியைத் திறந்து பார்த்தேன். சரியான திருத்தம்தான்.

“எடுத்தாச்சு மோளே” என்றேன். “நீ வண்டி ஏறு. விசேஷ வீட்டுல போய் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காராதே.”

அவள் அழுதேவிட்டாள். ரொம்ப நன்றி சேட்டா என்று மூன்று தடவை சொன்னாள்.

எடுக்கவில்லை மேடம். ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். ஒருத்திக்கு வளைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். இன்னும் சரியாகாதவை என்ற பகுதியிலாவது போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். போட்டிருந்தால் குறிப்பு இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

வெளியீட்டுப் பிரதி என் கணினியில்தான் தயாராகும். என் டிஜிட்டல் கையொப்பச் சாவி போட்டால்தான் அது வெளியே போகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டேன். ரின்ஸி பேக்கரியில் சொல்லி ஏற்பாடு செய்திருந்த கிண்ணத்தப்பத்தை அஜேஷ் தட்டில் வைத்து நீட்டினான். நன்றாக இருந்தது. இரண்டு துண்டு தின்றேன்.

திருத்திய பதிப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் கணினியில் எப்படி இருந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. நேரம் அந்தக் கையொப்பத்திலேயே பதிந்திருக்கிறது, மறைக்க முடியாது. ஆமாம், முதல் நாளே தயாராக வைத்திருந்தேன். கணக்குத் தப்பு என்று எங்காவது ஒரு கூச்சல் எழும். எல்லோரும் பதறி நிற்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் நான் சரிசெய்து வெளியிடுவேன். பிரசோபேட்டன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பேசுவார்கள். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதிகமா, சொல்லுங்கள்.

அப்படியேதான் நடந்தது. சுஹரா சிஸ்டர் பார்த்துவந்த நோயாளி பீரான்கோயா இறந்த செய்தி திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் குழுவுக்கு வந்தது. நாற்பது நிமிஷத்தில் திருத்திய பதிப்பை வெளியிட்டேன். மற்ற நோயாளிகளையாவது காப்பாற்றினாரே என்று எழுதினார்கள். என் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. தப்பான வரி யாருடையது என்று திறந்து பார்த்தார்கள், ரின்ஸி பெயர் இருந்தது. அவள் ஓடி வந்து, சேட்டனிடம் சொன்னேன், எடுத்தாச்சு என்றார் என்று அழுதாள். ஸ்டேஷன் இரைச்சலில் குழந்தைக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவளைத் திட்டக் கூடாது என்றும் சொன்னேன். அதன் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம்.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு சுஹரா சிஸ்டர் என்னோடு இரண்டு நிமிஷம் பேசியது. ரின்ஸியின் போன் கிடைக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். பீரான்கோயா வீட்டிலிருந்துதான் பேசினார். தொண்டையில் புற்றுநோய், இன்னும் சில மாதம் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் டிவியில் கால்பந்து பார்க்க வேண்டும், தூங்க வைத்துவிடாதே சிஸ்டர் என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது.

“புது பாட்டில் வந்திருக்கு சேட்டா, பழசைவிடப் பத்து மடங்கு காட்டம்னு போட்டிருக்கு. ஒரு மில்லிதானே வரணும், இது இன்னும் பத்துன்னு காட்டுதே. கொடுக்கலாமா?”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் சிஸ்டர் கண்டுபிடித்ததாக ஆகியிருக்கும். ரின்ஸி மன்னிப்புக் கேட்பாள், எல்லோரும் பரவாயில்லை மோளே என்பார்கள், அடுத்த பதிப்புக்கும் அவளே பெயர் வைப்பாள். கூச்சலே எழுந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த அளவு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. மருந்துக் கணக்கை முதலில் எழுதியவன் நான்தானே.

“ரின்ஸி போட்ட கணக்கு சிஸ்டர்” என்றேன். “பாட்டில் மாறினதையும் சேர்த்துத்தான் போட்டிருப்பா. அவளை மாதிரி கெட்டிக்காரி நம்ம குழுவிலேயே கிடையாது. தைரியமாக் கொடுங்க.”

இந்த இரண்டு வருடத்தில் அவளைப் பற்றி இன்னொருவரிடம் நான் நல்லதாகப் பேசியது அந்த ஒரு தடவைதான் மேடம். அதைப் போய் நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள்.