உள் ஓட்டை

— பதினாறா, பதினெட்டா? சீக்கிரம் சொல்லுங்க மாப்ள. காருக்கு அடியில மல்லாந்து கிடந்துக்கிட்டு உங்க பதிலுக்குக் காத்திருக்கிறது ஒண்ணும் சுகமா இல்ல.

— அதைவிட மெல்லிசா இல்லையா மச்சான்?

— என்னது?

— இல்ல... பதினாலு மில்லிமீட்டர்ல கம்பி இருக்கான்னு கேட்டேன்.

— நீங்கதானா பேசுறது? முன்னாடி இந்த வண்டிக்குச் சாயாம பிடிக்கிற ஸ்வே பார் மாட்டுனப்போ, "இருக்கிறதிலேயே தடியான கம்பியா போடுங்க மச்சான், வளைவுல வண்டி ஒரு நூல் சாயக்கூடாது"ன்னு என் உயிரை வாங்குனது யாரு?

— அது ரேஸ் பைத்தியம் பிடிச்சிருந்த காலம்.

— இப்ப தெளிஞ்சிருச்சாக்கும்.

— இருபது வருஷத்து வண்டி. வயசுக்கு ஏத்த மாதிரி போகட்டுமே.

— வயசு வண்டிக்கா, உங்களுக்கா? சரி சரி, முறைக்காதீங்க. பின்பக்கம் பதினாலு. முன்பக்கம் பழைய கம்பியே இருக்கட்டும், ரப்பர் புஷ் மட்டும் புதுசு. இந்த ரப்பரைப் பாருங்க, பிஸ்கட் மாதிரி உதிருது.

— பின்பக்கம் கம்பியே இல்லாம விட்டுட்டா?

— விடலாம். இப்ப மாதிரியே வளைவுக்கு வளைவு படகாட்டம் ஆடும், உள்ள இருக்கிறவங்களுக்குக் குடலைப் புரட்டும். கம்பி இருந்தா இந்தப் பக்கச் சக்கரமும் அந்தப் பக்கச் சக்கரமும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும், வண்டி நிமிர்ந்து போகும். ஆனா அளவாப் பிடிக்கணும். ரொம்ப விறைப்பா வச்சா, ஈரத்துல பின்பக்கம் வழுக்கிக்கிட்டு—

— தெரியும்.

— தெரியும்னா?

— தெரியும்னு சொன்னேன். வேலையைப் பாருங்க மச்சான்.

— பாத்துக்கிட்டுதானே இருக்கேன்... கம்பி நுனியில மூணு ஓட்டை. கம்பியைச் சக்கரத்தோட சேர்க்கிற லிங்கை எதுல மாட்டட்டும்? வெளி ஓட்டைன்னா மெத்துனு இருக்கும். உள் ஓட்டைன்னா விறைப்பு.

— வெளி ஓட்டை.

— நடு ஓட்டையாவது வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்தா—

— வெளி ஓட்டைன்னு சொல்றேன்ல!

— எதுக்கு இந்தக் கத்தல்? ஸ்பேனர் நழுவி என் மூக்குல விழுந்திருக்கும். இருக்கிறது ஒரே மூக்கு.

— மன்னிச்சுக்குங்க... மனசு சரியில்ல.

— ம். ஜாக்கியை இறக்கியாச்சு, நாலு சக்கரமும் தரையில நிக்குது. போய் ஸ்டியரிங் முன்னாடி உக்காருங்க.

— நானா?

— பின்ன நானா? ஓட்டுற ஆளு கனம் சீட்ல இருக்கும்போது லிங்க் நீளத்தைச் சரி பண்ணித்தான் நான் இறுக்குவேன். இல்லேன்னா கம்பி முறுக்கிக்கிட்டே நிக்கும். இடது பக்கம் ஒரு மாதிரி திரும்பும், வலது பக்கம் ஒரு மாதிரி. உங்களுக்குத் தெரியாததா?

— நான் வேணாம். அந்த மணல் மூட்டையைத் தூக்கி வைக்கிறேன்.

— மூட்டை அம்பது கிலோ மாப்ள. நீங்க எம்பத்திரெண்டு.

— அம்பதுதான் சரி. இதோ, சீட்ல வச்சாச்சு.

— அம்பது கிலோவுல நம்ம குடும்பத்துல ஒரே ஒரு ஆளுதான்.

— ஆமா.

— என் தங்கச்சி இந்த வண்டியைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு.

— ரெண்டு வருஷம் மூணு மாசம்.

— தடுப்பூசிப் பெட்டியோட மலைமேல ஒரு வீடு விடாம ஏறி இறங்குன நர்ஸு. இப்ப மருந்துக்கடையில உக்காந்து மாத்திரை அட்டையைக் கத்திரிக்கிறா.

— திரும்பவும் அந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க மச்சான். வண்டி ஓட்டணுமாம். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். கடிதம் அலமாரியில துணிக்கு அடியில இருந்துச்சு.

— அவ அலமாரியைக் குடையுறீங்களா?

— சாக்ஸ் தேடினேன்.

— நம்பிட்டேன்.

— மச்சான்! நேத்து ஜாடையா கேட்டுப் பாத்தேன், பழைய வேலைக்குப் போனா என்னன்னு. "எனக்குத்தான் ஓட்ட வராதே"ன்னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா.

— விபத்து நடந்த அன்னைக்கு, மழையில அவதான் அந்த வளைவுல வேகமா திருப்பிட்டான்னு எல்லாரும்தானே சொன்னோம். நான் உள்பட.

— அவ வேகமா போகல.

— நீங்க அப்ப வண்டியிலேயே இல்லியே?

— முந்தின நாள் மைதானத்துல ரேஸு. பின்பக்க லிங்க் ரெண்டையும் உள் ஓட்டைக்கு மாத்தினேன். அரை செகண்ட் குறைஞ்சுது, கோப்பை கிடைச்சுது... அந்தக் குஷியில திரும்ப மாத்த மறந்துட்டேன். விடிஞ்சா மழை. அவ சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

— ம்.

— வெறும் "ம்"தானா? என் சட்டையைப் பிடிச்சு நாலு அறை விட வேணாமா?

— கையெல்லாம் கிரீஸு.

— விளையாடாதீங்க. கையில கட்டோட ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு "என் தப்புதான்"னு அவ அழுதா. நான் தலையை ஆட்டிக்கிட்டு நின்னேன் மச்சான். வெக்கங்கெட்டவன்.

— நசுங்கின வண்டியை இழுத்துட்டு வந்தது இந்தப் பட்டறைக்குத்தானே? அடியில படுத்துப் பாத்த முதல் ஆளு நான்தான். லிங்க் ரெண்டும் உள் ஓட்டையில இருந்துச்சு.

— ...பாத்தீங்களா?

— பாத்தேன். கம்பியைக் கழட்டி மூலையில போட்டுட்டு, "வண்டியில ஒரு கோளாறும் இல்ல"ன்னு வாய் கூசாம சொன்னேன். தங்கச்சி குடும்பம் உடைஞ்சிரக்கூடாதுன்னு நினைச்சேன். அவ தைரியம் உடைஞ்சுபோனதை யோசிக்கல.

— ரெண்டு பேருமா சேர்ந்து அவளை...

— ரெண்டு பேரும்தான்.

— இன்னைக்குச் சொல்லிடப்போறேன். அப்புறம் அவ வண்டியை ஓட்டினாலும் சரி, என்னை ஓட்டி விட்டாலும் சரி.

— இன்னைக்குன்னா எப்போ?

— வீட்டுக்குப் போய்... சாப்பிட்டு... கொஞ்சம் ஆறப்போட்டு...

— அதுக்கெல்லாம் நேரமில்ல. வாசலைப் பாருங்க.

— ஐயோ! நீ எப்படி இங்க?

— அண்ணன்தான் நாலு மணிக்கு வரச் சொல்லிச்சு. ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?

— வாம்மா. மாப்ளைக்கு உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம். நான் கை கழுவிட்டு வர்றேன்.

— மச்சான், இருங்க! நீங்களும் இருங்க... இங்க பாரும்மா. இது நம்ம வண்டியில அப்ப பின்பக்கம் இருந்த கம்பி. நுனியில மூணு ஓட்டை தெரியுதா?

— தெரியுது.

— அன்னைக்கு வழுக்கினது உன் தப்பே இல்ல. ரேஸுக்காக இந்த உள் ஓட்டையில மாட்டிட்டு, மாத்தாம உன் கையில வண்டியைக் குடுத்தது நான். மறந்தது ஒரு தப்பு. இத்தனை நாள் வாயைத் திறக்காம உன்னைத் தலைகுனிய விட்டது... அது மறதி இல்ல. பயம். நீ என்னை விட்டுப் போயிருவியோன்னு பயம்.

— போன மாசமே அண்ணன் இதே கம்பியைக் கையில வச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி அழுது எல்லாத்தையும் சொல்லிருச்சுங்க. அன்னையிலேருந்து அண்ணனோட வண்டியில, அதே வளைவுல, தினமும் ஓட்டிப் பழகிக்கிட்டு இருக்கேன். "வர்றேன்"னு அவங்களுக்குப் பதிலும் போட்டாச்சு. அந்தக் கடிதத்தை உங்க சாக்ஸுக்கு அடியில வச்சதே நான்தான், நீங்களா வாயைத் திறக்குறீங்களான்னு பாக்கத்தான்... கோபம் இன்னும் தீரல, அதை வீட்ல வச்சுக்கலாம். இப்ப அந்த மூட்டையை இறக்குங்க, நான் உக்கார்றேன். அண்ணா, இறுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், நான் இப்ப அம்பத்திநாலு கிலோ.