இன்ஸ்பெக்டரோட மொச்சை

ஆயா: ...அதைத் தொடாதீங்க டீச்சர், இன்னும் காயல.

டீச்சர்: எது?

ஆயா: அந்தத் தாள்தான். உள்ளங்கையை நீலத்துல முக்கி அப்பி வச்சிருக்குதுங்க. மீனாம்.

டீச்சர்: மீனுக்கு அஞ்சு வாலா?

ஆயா: வரைஞ்சவங்ககிட்ட கேளுங்க. நான் கேட்டதுக்கு, "ஆயாம்மா, உங்களுக்கு மீனே தெரியல"ன்னு முகத்தைத் திருப்பிக்கிச்சு அந்த வாண்டு.

டீச்சர்: எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?

ஆயா: போயாச்சு. உங்க மீட்டிங் என்னாச்சு?

டீச்சர்: எந்த... ஆங். முடிஞ்சுது.

ஆயா: என்ன சொன்னாங்க ஆபீஸ்ல?

டீச்சர்: வழக்கம்போலதான்.

ஆயா: மணலைக் கொட்டாதே, தண்ணியைக் கொட்டாதே, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடு. அதுதானே?

டீச்சர்: அதேதான் அக்கா.

ஆயா: அவங்களை ஒருநாள் இங்க வரச் சொல்லுங்க. ஜக்குலேர்ந்து டம்ளருக்குச் சிந்தாம ஊத்தட்டும் பார்ப்போம். பாதிப் பேரு பேன்ட்டை நனைச்சுக்கிட்டுத்தான் போவாங்க... என்ன, சிரிக்கக்கூட மாட்டேங்கிறீங்க?

டீச்சர்: சிரிச்சேனே.

ஆயா: எங்க சிரிச்சீங்க? கண்ணு வேற கோவைப்பழமா இருக்கு.

டீச்சர்: பஸ்ல தூசி.

ஆயா: ம்... தூசி.

டீச்சர்: நாள் பூரா தனியா சமாளிச்சீங்களா?

ஆயா: ஏன் கேக்கறீங்க. களிமண்ணுல பாம்பு செய்யச் சொன்னேன். நீளமா உருட்டுங்கடான்னா, ஒருத்தன் பாம்பு சாப்பிட்டு வயிறு வீங்கிடுச்சுன்னு உருண்டையாவே வச்சுட்டான். கண்ணை மூடித் தொட்டுப் பாக்குற பைக்குள்ள எவனோ பாதி பிஸ்கட்டைப் போட்டிருக்கான். அடுத்த வாண்டு கையை விட்டு, "உள்ள என்னமோ செத்துப்போச்சு"ன்னு ஒரே அலறல்.

டீச்சர்: செத்துப்போச்சா...

ஆயா: டீச்சர்?

டீச்சர்: ஒண்ணுமில்ல. பிரஷ்ஷைக் குடுங்க, நான் கழுவுறேன்.

ஆயா: நீங்க உக்காருங்க. மூஞ்சியைப் பாத்தா தண்ணித் தொட்டியிலயே விழுந்துடுவீங்கபோல.

டீச்சர்: அந்த மணி ஏன் கீழ கெடக்கு?

ஆயா: எந்த மணி?

டீச்சர்: அதான், அவங்கவங்க மொச்சை முளைச்சா அடிக்கிற மணி. கயிறு அறுந்து கெடக்கே.

ஆயா: அதுவா... வாலுங்க. இழுத்து விளையாடிருக்கும். நாளைக்குக் கட்டிடலாம்.

டீச்சர்: இன்னைக்கு யாருக்காவது முளைச்சுதா?

ஆயா: எல்லாருக்கும்தான் எப்பவோ முளைச்சாச்சே. இன்னும் யாரு பாக்கி...

டீச்சர்: நம்ம குட்டி இன்ஸ்பெக்டர்தான்.

ஆயா: ...ஆமா. அவன்தான்.

டீச்சர்: இன்னைக்கு என்ன பண்ணினான்?

ஆயா: வேற என்ன. காலையில வந்ததும் லென்ஸை எடுத்துக்கிட்டு நேரா அலமாரிக்குத்தான். அவன் கப்புல மொச்சை வச்ச பஞ்சை மோந்து பாத்தான். "ஆயாம்மா, நாத்தம் வருது"ன்னான். நீ தண்ணியை அள்ளி அள்ளி ஊத்துற, அதான் அழுகுதுன்னு சொன்னேன்.

டீச்சர்: அவன் அதிகமா ஊத்தல அக்கா.

ஆயா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: தெரியும்... லென்ஸ் இங்க இருக்கே! இதை வீட்டுக்குக் கொண்டு போகாம இருக்க மாட்டானே.

ஆயா: மறந்துட்டான்.

டீச்சர்: அவனா? சாப்பாட்டுப் பையை மறப்பான், செருப்பை மறப்பான்...

ஆயா: சின்னப் பிள்ளைதானே டீச்சர். அவசரமா கூட்டிட்டுப் போனாங்க, வச்சுட்டுப் போயிட்டான்.

டீச்சர்: யாரு வந்தா?

ஆயா: அவன் மாமா. முகத்தையே காட்டல மனுஷன். வாசல்லயே நின்னுக்கிட்டு, அனுப்புங்கன்னு மட்டும் சொன்னாரு.

டீச்சர்: அவன்கிட்ட ஏதாவது சொன்னாரா?

ஆயா: வா போலாம்னாரு. அவ்வளவுதான்... ஏன் கேக்கறீங்க?

டீச்சர்: சும்மா.

ஆயா: சும்மாவா? வந்ததுலேர்ந்து உங்க சும்மா சரியில்ல.

டீச்சர்: அவன் கப் எங்க அக்கா?

ஆயா: எந்த...

டீச்சர்: அவனுக்கு ஒரே கப்தானே. மேல மஞ்சள் வண்டி வரைஞ்சது. அலமாரியில அந்த இடம் காலியா இருக்கு.

ஆயா: அது... விழுந்துடுச்சு.

டீச்சர்: விழுந்துடுச்சா?

ஆயா: யாரோ இடிச்சு, பஞ்சு, தண்ணி, எல்லாம் கொட்டிப்போச்சு. கப்பும் நசுங்கிடுச்சு. குப்பையில போட்டுட்டேன்.

டீச்சர்: விதை?

ஆயா: அதுவும்தான். திட்டாதீங்க டீச்சர். பிள்ளைங்க வேலையில நம்ம கை படக்கூடாதுன்னு உங்க சட்டம் எனக்குத் தெரியும். கோணலா வெட்டினாலும் நாம கத்தரிக்கோலை வாங்கக்கூடாது, பாம்பு உருண்டையா இருந்தாலும் பாம்புதான்னு சொல்லணும். எல்லாம் தெரியும். ஆனா கொட்டினதை என்ன பண்ண...

டீச்சர்: நல்லதாப் போச்சு.

ஆயா: என்னது?

டீச்சர்: கொட்டினதே நல்லது அக்கா. அப்பாடா... நான் அதை எப்படி எடுக்கிறதுன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

ஆயா: நீங்க ஏன் எடுக்கணும்? டீச்சர், இங்க பாருங்க. அழறீங்களா?

டீச்சர்: அந்த விதை முளைக்காது அக்கா. எத்தனை நாள் வச்சாலும் முளைக்காது. வேக வச்சது.

ஆயா: என்ன சொல்றீங்க?

டீச்சர்: நான்தான் வேக வச்சேன். வீட்டுல. நம்ம கை படக்கூடாதுன்னு உங்களுக்கு வாய் கிழியச் சொல்ற நானேதான். சாயங்காலம் நீங்க கிளம்பினதும் பழசை எடுத்துட்டு, வேற ஒண்ணை வச்சுட்டுப் போவேன். வெந்த விதை ரெண்டு நாள்லயே நாறிடும். அதான் நாத்தம்.

ஆயா: ஐயோ... ஏன் டீச்சர்? தினம் காலையில அவன் பாத்துட்டு வாடிப்போவானே. "என்னோடது மட்டும் ஏன்"னு எத்தனை தடவை என்கிட்ட கேட்டான்! பெத்த பிள்ளையா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?

டீச்சர்: திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. அவன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு ஞாபகம் இருக்கா?

ஆயா: இருக்கே. கேட்டைப் பிடிச்சவன் விடவே இல்ல. விரல் விரலாப் பிரிச்சுத்தான் உள்ள தூக்கிட்டு வந்தேன்.

டீச்சர்: அம்மா எப்ப வருவா, எப்ப வருவான்னு கேட்டான். ஒரு வாரம்னு சொன்னா அதுகளுக்கு என்ன புரியும்? அன்னைக்குத்தான் மொச்சை ஊற வச்சிருந்தோம். கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணைக் காட்டுவோமேன்னு...

ஆயா: என்ன சொன்னீங்க அவன்கிட்ட?

டீச்சர்: "உன் மொச்சை முளைக்கிற அன்னைக்கு அம்மா வீட்டுக்கு வந்துடுவாங்க"ன்னு சொன்னேன்.

ஆயா: ...ஓ.

டீச்சர்: யோசிக்காமச் சொல்லல அக்கா. சின்ன ஆபரேஷன், ஒரு வாரத்துல வந்துடுவேன்னு அவங்களே என்கிட்ட சொன்னாங்க. மொச்சைக்கும் அவ்வளவு நாள்தானே ஆகும். எனக்கு என் மேலயே பெருமை வேற. காத்திருக்கிறதை எவ்வளவு அழகாச் சொல்லிக்கொடுத்துட்டோம்னு...

ஆயா: அதான் அவன் மத்தவங்க மொச்சையெல்லாம் லென்ஸ் வச்சுப் பாத்தானா. நானும் போலீஸ் வேலைன்னு நினைச்சு இன்ஸ்பெக்டர்னு பேரு வச்சேனே.

டீச்சர்: அடுத்த வாரமே அவன் அப்பா போன் பண்ணினாரு. உள்ளுக்குள்ள ஏதோ சீழ் பிடிச்சிருக்கு, இப்ப வர முடியாதுன்னு. அன்னைக்கு சாயங்காலம் பாத்தேன். அவன் மொச்சை தோல் வெடிச்சு, வெள்ளையா ஒரு துளி எட்டிப் பாக்குது. பிடுங்கி எறிஞ்சுட்டேன். அவங்க தேறி வர்ற அன்னைக்கு முளைச்சதை வச்சுடலாம், மணி அடிக்கட்டும், கப்பை வீட்டுக்கு எடுத்துட்டு ஓடட்டும்னு...

ஆயா: தேறி வந்துடுவாங்க டீச்சர். நீங்க ஏன் இப்படி...

டீச்சர்: நான் இன்னைக்கு மீட்டிங்குக்குப் போகல அக்கா.

ஆயா: பின்ன?

டீச்சர்: போன் வந்துச்சு, அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஆயா: ...வேணாம். சொல்லாதீங்க.

டீச்சர்: காலையில போயிட்டாங்க.

ஆயா: ஐயோ... கடவுளே.

டீச்சர்: ஹால்ல படுக்க வச்சிருக்காங்க. தலைமாட்டுல அவன் வரைஞ்ச படம் ஒண்ணு சுவத்துல ஒட்டியிருக்கு. நம்ம இங்க போடுற உருளைக்கிழங்கு அச்சுப் படம். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சைன்னு வரிசையா... அவங்க ஒட்டினதுதான். எல்லாரும் அவனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் வர்றதுக்குள்ள நான் கிளம்பி வந்துட்டேன்.

ஆயா: அவன் பக்கத்துல இருந்திருக்கலாமே டீச்சர்.

டீச்சர்: இருந்திருக்கணும். முடியல. என்னைப் பாத்ததும் முளைச்சுடுச்சான்னுதான் கேப்பான். நான் என்ன சொல்லுவேன்? வீட்டை விட்டு வெளிய வந்து, தெருமுனையில நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். இத்தனை வருஷம் இந்த வேலை பாத்து என்ன பிரயோஜனம்? எதைச் சொன்னாலும் நம்புற குழந்தைக்கிட்ட, என் கையில இல்லாத ஒண்ணைச் சொல்லி வச்சேன். ஒரே ஒரு ஆறுதல் அக்கா. அந்த மொச்சை முளைக்கல. அது ஒண்ணுதான் மிச்சம். வளர்ந்தப்புறம் என்னைக்காவது நினைச்சுப் பாத்தாலும், முளைக்கல, அதான் அம்மா வரலன்னு நினைச்சுக்குவான். முளைச்சும் இப்படி ஆச்சேன்னு நினைக்க மாட்டான். இப்ப கப்பே கொட்டிப்போச்சு... ஏன் அக்கா உக்காந்துட்டீங்க? பிரஷ்ஷைக் கீழ வைங்க, சட்டையெல்லாம் நீலம்.

ஆயா: டீச்சர்...

டீச்சர்: என்ன?

ஆயா: என்னைக் கொன்னுபோட்டாலும் சரி டீச்சர்.

டீச்சர்: என்ன அக்கா? சொல்லுங்க. கப்பை எந்தக் குப்பையில போட்டீங்க?

ஆயா: குப்பையில போடல. கொட்டவும் இல்ல. நீங்க திட்டுவீங்கன்னு பொய் சொன்னேன். மத்தியானம் மத்ததுங்க எல்லாம், "உன்னோடது செத்த விதை"ன்னு கத்துச்சுங்க. அவன் சத்தமே போடாம, கண்ணுல தண்ணி மட்டும் விட்டுக்கிட்டு நின்னான். எனக்குப் பொறுக்கல. அவன் கை கழுவப் போன நேரத்துல, ஜன்னல்ல நான் போட்டு வச்சிருந்த கப்புலேர்ந்து ஒண்ணை எடுத்து அவன் பஞ்சுல வச்சுட்டேன். ரெண்டு இலை விட்டது, இருக்கிறதுலயே நல்லதா பாத்து வச்சேன். திரும்பி வந்து பாத்ததும் அவன் அடிச்ச அடியிலதான் மணிக்கயிறு அறுந்துச்சு. கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தான், அதான் லென்ஸை எடுக்கல. மாமா கூட வாசல் வரைக்கும் போயிட்டு என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னான்... "ஆயாம்மா, இந்நேரம் எங்கம்மா வீட்டுக்கு வந்திருப்பாங்க."