கடைசி நிரையின் குரல்

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மலை ரோடு. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம். ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை... அவ்வளவுதான்.

யார் அது, போர்வையை இழுக்கிறது? இருக்கிறது ஒரே கட்டில், ஒட்டி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும், மெழுகுவத்தி இருக்கிறது. நம் ஹாஸ்டல் ரூம் நர்ஸ் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருக்கிறாள். அவளுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கதை, அவள் பாட்டுக்கு வரட்டும்.

என்னோடு தையல் கடையில் காஜா எடுக்கிறாளே, அவளுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. எனக்குச் சொன்னது அவள் சித்தி. சித்தி கதை கட்டுகிற ஆளே இல்லை. உப்பு குறைந்தால் குறைந்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள்.

சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவார். முதலாளி, கண்டக்டர், சொந்த மாமியார்... ஒருத்தரும் தப்ப முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சுற்றி நாலு பேர் என்றால் இவரைச் சுற்றி நாற்பது பேர். சித்திக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஆரம்பத்தில் யாருக்குத்தான் இருக்காது.

இரண்டு பேரும் அந்த மலை ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். குளிர், பச்சை, போட்டோ... போகிறவர்கள் செய்கிறதையெல்லாம் செய்தார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய், பரப்பி வைத்த பச்சை இலை வாடுவதைப் பார்த்தார்கள். அந்த வாசனை சேலையில் ஏறிக்கொண்டது, ஊருக்கு வந்து துவைத்தும் போகவில்லை என்றாள் சித்தி. தொழிற்சாலையிலிருந்து நடந்து திரும்பும்போதுதான் அந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

செடி வரிசைக்கு அங்கே நிரை என்று பெயர். இலை பறிக்க ஒரு நிரைக்கு ஒருத்தி. பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்கிறவள்கூடத் தெரியமாட்டாள். கால் வழுக்கி ஒருத்தி விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மேஸ்திரி விசில் ஊதுவார். முதல் நிரைக்காரி கூவுவாள், அடுத்தவள் கூவுவாள், அதற்கடுத்தவள்... கடைசி நிரை வரைக்கும். வார்த்தை கிடையாது, வெறும் 'ஊ'தான். ஆனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு மாதிரி. ஒரு குரல் விட்டுப்போனால் அத்தனை பேரும் கூடையை இறக்கிவிட்டுத் தேடப் போக வேண்டும்.

சித்தப்பா கையில் டீ கிளாஸோடு இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சும்மா இருப்பாரா... இடைவேளைக்கு ரோட்டுக்கு இறங்கி வந்த பொம்பளைகள் முன்னால் ஒவ்வொருத்தி குரலாகக் கூவிக் காட்டினார். அவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. டீக்கடைக்கு நேர் மேலே இருக்கிற கடைசி நிரைக்காரியின் கூவல் மட்டும் தனி. முடியும்போது லேசாக உடைந்து மேலே போகும். சித்தப்பா அதையும் விடவில்லை.

"என் தொண்டையை எனக்கே திருப்பிக் குடுத்துட்டீங்களே அண்ணே," என்றாள் அவள். "நாளையிலேருந்து நீங்களே கூவிடுங்க, நான் வீட்ல படுத்துக்கறேன்."

அவளும் சிரித்தாள். அடுத்த நிரையில் பறிக்கிற அவள் மகளும் சிரித்தாள். எல்லோரும் மேலே ஏறிப் போனார்கள்.

பனி இறங்கியது. ரோடு போயிற்று, செடி போயிற்று, டீக்கடை அடுப்பு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. விசில் கேட்டது. ஒரு குரல்... இன்னொரு குரல்... மகளுடைய குரல்... அப்புறம் ஒன்றுமில்லை.

சித்தப்பா சித்தியைப் பார்த்துக் கண்ணடித்தார். வாயில் கையைக் குவித்து, அந்தக் கடைசிக் குரலைக் கூவினார். உடைந்து, மேலே போய்... அச்சு அசல்.

"சும்மா இருங்க," என்று சித்தி அவர் தொடையில் தட்டினாள். அதற்குள் மேலே இலை ஒடிக்கிற சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. சரக்... சரக்... கூடைக்காரிகள் நகர்ந்துபோனார்கள்.

அடுத்த விசிலுக்கும் கடைசிக் குரல் வரவில்லை. அதற்கும் இவர்தான் கூவினார். அவள் சொன்ன மாதிரியே விளையாடுகிறாள் என்று நினைத்தாராம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கிறது.

இலை நிறுக்கிற இடத்தில் அவள் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார்கள். கடைசி நிரைக்குக் கீழே கல் ஓடையில் கிடந்தாள். கூடைப் பட்டை நெற்றியிலேயே இருந்தது. தலைக்கு அடியில் கிடந்த இலையெல்லாம் நனைந்து கறுத்திருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், கூட்டத்தோடு கூட்டமாக இவர்களும் போனார்கள். வாசலிலேயே அதுவும் நின்றுபோயிற்று.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பாங்க," என்றார் டாக்டர்.

மானேஜர் வந்தார். மேஸ்திரியைப் பார்த்து, "விசில் ஊதினியா?" என்று கேட்டார்.

"ஊதினேன் சார். ரெண்டு தடவையும் குரல் குடுத்தா."

"குரல் குடுத்துட்டு அப்புறமா எங்கேயோ இறங்கிப் போயிருக்கா. தப்பு அவ மேலதான். நாம என்ன பண்ண முடியும்."

"எங்கம்மா நிரையை விட்டு இறங்காது சார்," என்றாள் மகள். பிறகு அவளே குழம்பிப்போய், "ஆனா குரல் எங்கம்மா குரல்தான். பக்கத்துலதானே இருந்தேன்... எனக்குத் தெரியாதா," என்றாள்.

சித்தி புருஷன் கையைக் கிள்ளினாள். "சொல்லுங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"நமக்கெதுக்கு வம்பு," என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல். ஊரையே சிரிக்க வைத்த வாய், அதற்கு மேல் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். செத்தவள் பேருக்கு ஒரு தப்பு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. நானும்தானே சொல்லவில்லை என்றாள் சித்தி. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்தபின் சித்தப்பா யார் குரலையும் எடுப்பதில்லை. கல்யாண வீட்டில் கேட்டால் தொண்டை சரியில்லை என்பார். "ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வந்துடலாங்க," என்று சித்தி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "பார்க்கலாம்," என்பார். அந்தப் பார்க்கலாம் வருஷக்கணக்கில் நீண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சித்தப்பா குளிக்கப் போனார். சித்தி சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம்... வாளியாக இருக்கும் என்று நினைத்தாள். இருந்தாலும் கூப்பிட்டாள்.

"என்னங்க, என்ன விழுந்துது?"

"ஒண்ணுமில்ல," என்று பதில் வந்தது.

காய் நறுக்கி முடித்தாள். உலை வைத்தாள். வீட்டுக்குள் பச்சை இலை வாடுகிற வாசனை. டீத்தூள் டப்பாவைப் பார்த்தாள், மூடித்தான் இருந்தது.

"வெந்நீர் போதுமா?"

"போதும்."

சோறு வெந்துவிட்டது. "இன்னுமா குளிக்கறீங்க?"

"இதோ வரேன்."

வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார்கள். சித்தப்பா குழாய்க்குக் கீழே குப்புறக் கிடந்தார். தலைக்கு அடியில் தண்ணீர் கறுத்துப்போயிருந்தது. மூச்சு இல்லை.

"விழுந்தவுடனே நினைவு போயிருக்கும்," என்றார் டாக்டர். "ஆனா உயிர் ரொம்ப நேரம் இருந்திருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பார்."

அப்படியென்றால் பதில் சொன்னது யார்? நான் கேட்டேன். பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணினவள், அவள் சொன்னாள், "அவர் குரல்தான். எனக்குத் தெரியாதா." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் மீதியைச் சொன்னாள். அந்த 'வரேன்' மட்டும்... முடியும்போது லேசாக உடைந்து மேலே போயிற்றாம்.

அவ்வளவுதான் கதை. மெழுகுவத்தியும் தீரப் போகிறது. ஆமாம், நர்ஸ் தண்ணீர் பிடிக்கப் போய் எவ்வளவு நேரமாகிறது? கதை தொடங்குவதற்கு முன்னால் போனவள்.

நீ ஏன் வாயைத் திறக்கிறாய்? கூப்பிடாதே. மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ப் பார்.