ஆயிரத்துக்கு இரண்டு மணி குறைவு

உங்கள் மேசையிலிருக்கும் பிரிண்டரின் மூடியில் கம்பெனி ஒட்டி அனுப்பிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் கிளம்பிவிட்டது. அதற்குள் தூசி போனால் பசை கறுத்துவிடும். பிறகு உரித்தாலும் கோடு போகாது. காய்ந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மன்னிக்க வேண்டும், ஐயா. கேட்காமலே சொல்லிக் கொடுப்பது என் பழக்கம். நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். முப்பத்திரண்டு வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தேன். என் கடைக்கு வந்தவை எல்லாம் மனிதர்கள் பாழாக்கிய பொருள்கள். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கரப்பான் முட்டை, சிந்திய டீ, பிள்ளைகள் திணித்த பென்சில் துண்டு. ஒரு சாமான் தானாகக் கெடுவது குறைவு, கெடுக்கப்படுவதே அதிகம். அதனால் என் வீட்டில் எதையும் கெட விட்டதில்லை. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. பிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி. மிக்சியின் மேல் வந்த தாள் பதினோரு வருடமாக அப்படியே இருக்கிறது. தெருவில் எனக்குப் பெயரே 'பாலிதீன்'தான்.

"இந்த வீட்ல கவர் இல்லாதது நான் ஒருத்திதான்," என்பாள் மனைவி. "எனக்கும் ஒண்ணு தச்சுப் போட்டுடுங்க. பொண்டாட்டியும் புதுசாவே இருப்பா."

நானும் சிரிப்பேன். அப்போது அதில் சிரிக்க இடம் இருந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். பஞ்சுத் தூசி அவள் நுரையீரலில் படிந்துவிட்டது. தூசி உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஐயா. வேலையை விட்டபின் எங்கள் வீட்டில்தான் இருந்தாள், பக்கத்து அறையில் இருமிக்கொண்டு. சிறு வயதில் அவளுடைய ரேடியோவைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் போட்டேன். அடிப்பாள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்தேன். குனிந்து பார்த்து, "பிரிச்சது பிரிச்சுட்ட. இனி மாட்டக் கத்துக்கோடா," என்று மட்டும் சொன்னாள். என் பிழைப்பு அங்கே தொடங்கியது.

எட்டு மாதம் முன்பு டாக்டர், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும் என்றார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவள் மகள் மெஷினை வாங்கி அனுப்பினாள். பெட்டியைப் பிரித்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு அழகான சாமான் அது. தூய வெள்ளை. கையேட்டை மூன்று முறை படித்தேன். படித்ததை அக்காவுக்கும் விளக்கினேன். அறையில் இருக்கும் காற்றையே அது உறிஞ்சும். நம் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உள்ளே இரண்டு குழாய்கள், அவற்றில் மணல்போல ஒரு பொருள். அழுத்தத்தோடு காற்றை அனுப்பினால் அந்த மணல் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடும். ஒரு குழாய் நிரம்பியதும் வேலை மறு குழாய்க்குப் போகும். முதல் குழாய் பிடித்ததை வெளியே துப்பும். சில நொடிக்கொரு முறை 'புஸ்' என்று கேட்பது அந்தத் துப்பல்தான்.

"அப்போ நான் குடிக்கிறது சலிச்ச காத்தா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. கப்பி இல்லாத காத்து."

"மில்லுல இருந்தப்பவே எவனாவது சலிச்சுக் குடுத்திருக்கலாம்."

மெஷினை அவள் அறையில் வைக்கவில்லை. அங்கே வெந்நீர் ஆவி, தைலம், ஈரத்துண்டு. கூடத்தில் வைத்து, நீளமான குழாயை அவள் மூக்குவரை கொண்டுபோனேன். அதில் தவறில்லை, கையேடே அனுமதிக்கிறது. மழைக்கோட்டுத் துணியில் உறை தைத்து, பின்பக்கம் காற்று போகும் இடத்தில் சன்னல் வெட்டினேன். அதிலும் தவறில்லை.

தவறு மீட்டரில் தொடங்கியது. மெஷினின் முன்பலகையில் கைவிரல் அளவுக்கு ஒரு சன்னல் உண்டு. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் எண் ஏறிக்கொண்டே போகும். வண்டிக்குக் கிலோமீட்டர் போல. ஏறியது இறங்காது. கீறலைத் தேய்த்து எடுக்கலாம், கறையைக் கழுவலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியிலிருந்து எடுத்தபோது அது பூஜ்யம். முதல் மாத முடிவில் நானூற்றெண்பது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் அந்த எண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு இலக்கம் ஆகிவிட்டால் அது பழைய மெஷின். எனக்கு அப்படித்தான் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெட்கம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

அக்கா மதியம் கண்ணயர்ந்ததும் அணைத்தேன். முதல் நாள் அரை மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை. மெஷினுக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது, இன்று சேமிக்கும் மணி நாளை அவளுக்கே உதவும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்குவதில் நான் கெட்டிக்காரன்.

ஆனால் சத்தம் நின்றால் அவள் விழித்துக்கொண்டாள். அதற்குத்தான் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம் மெஷினின் ஓசையைக் கைபேசியில் பிடித்து, சிறிய ஸ்பீக்கர் ஒன்றில் ஏற்றி, உறைக்குப் பின்னால் வைத்தேன். முடிந்ததும் மறுபடி தானே தொடங்கும். ஒட்டும் இடத்தில் 'புஸ்' தாளம் தப்பாதபடி வெட்டிச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. என் வேலை சுத்தமாக இருக்கும், ஐயா. அசல் எது, பதிவு எது என்று எனக்கே தெரியாது. இந்த இடத்தை எழுதும்போது என்னைப் பார்க்காமல் எழுதும்படி ஏட்டையாவிடம் சொல்லுங்கள்.

அணைக்கும் நேரம் நாளுக்கு நாள் கூடியது. மனைவி காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் வருவாள். அவள் வீட்டிலிருக்கும்போது கொஞ்ச நேரம் மெஷின் ஓடும். பிறகு சத்தம் மட்டும். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் படியேறும்போது ஓடும். மகள் வீடியோவில் கூப்பிடும்போது ஓடும். நான் கைபேசியை மெஷினைச் சுற்றிக் காட்டுவேன்.

"மெஷினைப் பார்த்தது போதும் மாமா. அம்மாவைக் காட்டுங்க," என்பாள் அவள்.

ஒருநாள் அக்கா மூக்கிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி, காத்து மெலிசா வருதுடா."

"நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர்தானேக்கா. மூக்குக்குப் பழகிடுச்சுன்னா வர்றதே தெரியாது."

"அப்படியா. நீ சொன்னா சரி."

நான் சொன்னது பொய்யில்லை. மூக்குக்குப் பழகத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் குழாயில் காற்றே வரவில்லை. நர்ஸ் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டி, எண் குறைகிறதே என்று முகம் சுளித்தபோது, விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும் என்றேன். அதுவும் உண்மைதான். அக்காவின் விரல்கள் சில்லிட்டுத்தான் இருந்தன. எங்கள் வீட்டிலேயே அப்படிப்பட்ட கருவி ஒன்று இருந்தது. பேட்டரி கசிந்து ஸ்பிரிங் துருப்பிடிக்கக்கூடாது என்று பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன்.

ஏழு மாதத்தில் அவள் சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போகிறவளாக ஆனாள். பிறகு பிடித்தும் போக முடியாதவளாக ஆனாள். மீட்டர் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நின்றது. அதை நீங்கள் குறித்துவிட்டீர்கள். எட்டு மாதம், நாளுக்குப் பதினாறு மணி. ஏறக்குறைய நாலாயிரம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எனக்கும் போடத் தெரியும்.

அந்த மதியத்தைச் சொல்கிறேன். கூடத்துச் சன்னல் வழியாக வெயில் பட்டு, மெஷினின் முன்பலகையில் லேசான மஞ்சள் தெரிந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது; எனக்குத் தெரிந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளானால் அதைத் திரும்ப வெளுக்க ஒரு வழி உண்டு. முடியின் நிறத்தைப் போக்கும் கிரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் வைக்க வேண்டும். அரை மணிக்கொருமுறை திருப்ப வேண்டும். நான்கு திருகாணிகளைக் கழற்றி, பலகையை மாடிக்குக் கொண்டுபோனேன். கீழே ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை திருப்பும்போது அக்கா கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிட அவளால் முடியாது. கட்டில் சட்டத்தை மோதிரத்தால் தட்டினாள். இறங்கிப் போனேன். உதடு நீலமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வாயால் காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மெஷினைக் கொஞ்சம் பாருடா. சத்தம்தான் வருது."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவளிடம் மூச்சில்லை.

கூடத்துக்குப் போனேன். மெஷின் முன்பக்கம் திறந்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரிய நின்றது. முப்பத்திரண்டு வருடம் திறந்த செட்டை ஓடவிட்டு வேலை பார்த்தவன் நான். பலகை இல்லாமலும் அது ஓடும். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதுவரை ஒரு துளி தூசி படாத உள்பாகம், ஐயா. திறந்தபடி ஓடவிட்டால் கூடத்துத் தூசியெல்லாம் உள்ளே போகும்.

மாடிக்கு ஏறினேன். தாளைப் பிரித்தேன். கிரீமைக் கழுவினேன், ஓரங்களில் தங்கினால் திட்டு விழும் என்று இரண்டு முறை கழுவினேன். துடைத்தேன். கீழே வந்து பலகையைப் பொருத்தினேன். திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினேன். ஒரே பக்கமாக முறுக்கினால் பலகை கோணிக்கொள்ளும். மோதிரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது திருகாணியில் இடைவெளி விட்டுக் கேட்டது. பிறகு ஸ்பீக்கரை அணைத்தேன். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சட்டைப் பைக்குள் போட்டேன். அதற்கும் பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிடம்.

செத்துப் போகட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவளை நினைக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. அவள் மகளின் முகத்தை இனி நான் பார்க்கப் போவதில்லை. மனைவி நேற்று வந்து, வீட்டிலிருந்த எல்லா உறைகளையும் உருவிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் தலை நிமிரவில்லை.

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். மெஷின் அணைந்திருந்த நிலையில் அவள் இறந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நான் அறைக்குத் திரும்பியபோது அவளுக்கு இன்னும் ஒரு மூச்சு மிச்சமிருந்தது. அது நின்றபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஐயா.