ஏழாம் நம்பர் டேப்லெட்

மாலை கடலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள். மூத்தவர் அறிவியல், இளையவர் கணக்கு என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“புள்ளைங்க பாடம் படிக்கற டேப்லெட்டுல ஏழாம் நம்பர மட்டும் யாருக்கும் குடுக்கறதில்ல,” என்றார் மூத்தவர்.

“ஏங்க்கா, ரிப்பேரா?”

“நல்லாத்தான் இருக்கு. பாடம் படிக்கறதுக்கு முன்னாடி என்னா நெனைக்கிறன்னு ஒரு கட்டத்துல எழுதணும். படிச்சிட்டு ரெண்டாவது கட்டத்துல எழுதினாத்தான் அடுத்த புள்ளைக்குத் தெறக்கும். நிலாவால கடல் ஏறி எறங்கற பாடத்துக்கு என் கிளாஸ் மீனா மொத கட்டத்த முடிச்சதும் பெல் அடிச்சிடிச்சு. மறுநாள் வரல. அவங்கப்பாவுக்கு மங்களூருல மீன்புடி போட்டுல வேலை கெடச்சிது, குடும்பத்தோட போயிட்டாங்க.”

“என்னா எழுதியிருந்தா?”

“‘நிலா கடல இழுத்தா எங்கப்பா போட்டையும் இழுக்கும்.’”

இளையவர் சிரித்தார். “ரெண்டாவது கட்டத்த நீங்களே எழுதி முடிச்சிடுங்களேன். மத்த புள்ளைங்க ஒரு டேப்லெட்டுக்கு ரெண்டு பேரு அடிச்சிக்குதுங்க.”

“தெரியும். ஆனா அது அவ எழுத வேண்டிய கட்டம். இன்னும் அட்டெண்டன்ஸ்ல அவ பேர கூப்பிட்டுட்டுத்தான் அடுத்த பேருக்குப் போறேன்.”

தவளக்குப்பத்தில் மூத்தவர் எழுந்தார்.

“அக்கா, நெஜமாவே போட்ட இழுக்குமா?”

“அவ வந்து சொல்லட்டும்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.