பிளாஸ்டிக் நுழையாத வீட்டை அமைத்தவருக்கு

எங்கள் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்து இன்று ஓய்வு பெறும் அம்மையாருக்கு, உடன் உழைத்தவர்கள் ஒன்றுகூடிப் படித்தளிக்கும் மடல்.

பழையதைப் பழுதறக் காத்த பண்பின் பெட்டகமே! தூசியோடு தொடுத்த போரில் தோல்வியே காணாத தலைவியே! சாவிக்கொத்தின் சத்தத்தாலேயே சண்டையையும் சோம்பலையும் சந்துபொந்துகளில் ஒளிய வைத்தவரே! வணக்கம்.

இப்படியெல்லாம் எழுத எங்களுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை. எந்தப் பொருளானாலும் அதன் விளக்கம் உள்ளங்கை அகல அட்டைக்குள் அடங்க வேண்டும், 'அரிய', 'அழகிய' என்னும் சொற்கள் அதில் தலைகாட்டவே கூடாது என்பது தங்கள் சட்டம். விளக்க அட்டைகள் எழுதுபவன் என்ற முறையில், தாங்கள் அடித்துத் தள்ளிய அடைமொழிகளை எல்லாம் நான் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். இன்று அத்தனையையும் தங்கள் தலையிலேயே கொட்டப்போகிறோம். பொறுத்தருள்க.

இளநிலை உதவியாளராகத் தாங்கள் இந்தக் கட்டடத்துக்குள் காலடி வைத்தபோது, மழைக்கு ஒழுகாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். அதில் மேலதிகாரியின் மேசை இருந்ததாம். தாங்கள் சேர்ந்த பிறகு பெய்த முதல் மழையில் மேசை வெளியே போனது, பழந்துணிகள் உள்ளே வந்தன என்று மூத்த காவலர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குரல் உயர்த்தாமலே கோட்டை பிடித்தவர் தாங்கள்! கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவீர்கள், அவ்வளவுதான். அதற்குள் நாங்கள் ஆளுக்கொரு அலமாரியைத் துடைக்கத் தொடங்கியிருப்போம்.

தங்கள் பணிகளை எல்லாம் வரிசைப்படுத்தப் புகுந்தால் விழா முடிந்து பூட்டுப் போடும் நேரம் ஆகிவிடும். எனவே, தங்கள் பெயரைச் சொன்னதும் எல்லார் நினைவுக்கும் வரும் அந்த ஓர் அறையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அதுதான், பிளாஸ்டிக்கும் பயன்படுத்தி எறியும் உறைகளும் வருவதற்கு முன் ஒரு சாதாரண வீடு எப்படி இயங்கியது என்று காட்டும் அறை.

அது முதலில் மதியச் சாப்பாட்டு வேளைகளில், தங்கள் பேச்சில்தான் உருவானது. பால் வாங்கத் தூக்குவாளி, எண்ணெய் வாங்கக் கழுத்தில் கயிறு கட்டிய புட்டி, மற்றதற்கெல்லாம் ஒட்டுப்போட்ட ஒரே துணிப்பை. சர்க்கரையைக் காகிதத்தில் கட்டித் தருவார்கள், வழியில் மழை பிடித்துக்கொண்டால் வீடு வந்து சேர்வது காகிதம் மட்டுமே. பொட்டலம் கட்டிய சணலைப் பிரித்துச் சுற்றி உருண்டையாக்கி ஆணியில் மாட்டுவார்கள். வீட்டுப் புட்டியைக் கழுவிக் கொண்டுபோனால் மருந்துக்கடைக்காரர் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரியக் காகிதப் பட்டையில் பல் பல்லாக வெட்டி ஒட்டித் தருவார். பொட்டலக் காகிதத்தில் பாதிக் கதையைப் படித்துவிட்டு, மீதிக் கதை எந்த வீட்டுப் பருப்போடு போயிற்றோ என்று சிறுவயதில் ஏங்கியதைத் தாங்கள் சொன்னபோது, எங்கள் சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

கேட்ட மயக்கத்தில் எங்கள் வீட்டுப் பரண்களை நாங்களே கொள்ளையடித்தோம். ஜாடியும் தகர டப்பாவும் பித்தளைத் தூக்கும் வந்து குவிந்தன. பிறகு எங்களுக்குப் பழகிய தொழிலைச் செய்தோம். எண்ணெய்த் தூக்கின் பிசுக்கைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். கரிப்பிடித்த பானையின் அடியில் எங்கள் முகம் தெரியும்வரை துலக்கினோம். துணிப்பையின் பழங்கறையைப் போக்கியவருக்குத் தாங்களே கைகொடுத்துப் பாராட்டினீர்கள். அறை நகைக்கடை போல் ஜொலித்தது. எல்லாம் ஆர்வக்கோளாறு.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், தங்களோடு ஒரே வீட்டில் வாழும் மூத்த சகோதரியைத் தாங்கள் கையோடு அழைத்து வந்தீர்கள். தங்கள் சாப்பாட்டு அடுக்கை அன்றாடம் பங்கு போட்ட எங்களுக்கு அவருடைய கைமணம் தெரியும், முகம் தெரியாது. எத்தனை முறை கூப்பிட்டாலும் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அன்று வந்தவர் அறையை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு ஜாடியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு தங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா இந்த வீட்ல யாரும் வேலை செஞ்ச மாதிரியே தெரியலையே."

எங்கள் காப்பாட்சியர் வீட்டில் 'பாப்பா' என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிரிக்க வாயெடுத்தவர்கள், தங்கள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டோம்.

அன்றுமுதல் எங்களுக்கும் பெரியக்காவாகிவிட்ட அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எண்ணெய்ப் புட்டிக்குள் மணலும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் தோள் வலித்ததைச் சொன்னார். தூக்குவாளி விளிம்பில் ஒரு துளிப் பால் ஒட்டியிருந்தாலும் மறுநாள் பால் திரிந்துபோகும் என்றார். கைக்குழந்தையாக இருந்த தம்பியின் துணிகளை மழைநாளில் அடுப்பின்மேல் காயவைத்ததைச் சொன்னார். அம்மா நோயில் படுத்த ஆண்டு, தன் படிப்பு நின்றதையும் அதே குரலில் சொன்னார். தாங்கள் எங்களுக்குச் சொன்ன நினைவுகளில் பால் தானாக வந்தது, புட்டி தானாகக் காய்ந்தது. வீட்டின் கடைக்குட்டிக்கு அப்படித்தானே தெரிந்திருக்கும்! அதைத் தங்கள் குற்றமாக நாங்கள் ஒருபோதும் எண்ணவில்லை.

திறப்பு விழாவைத் தாங்கள் தள்ளிவைத்ததும், அழைப்பிதழ் போயாயிற்று, பத்திரிகைகளுக்குச் சொல்லியாயிற்று என்று மேலிடம் தொலைபேசியில் கொதித்தது. அறை இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத் தங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனதையும், அதைப் பற்றித் தாங்கள் வாயே திறக்காததையும் இந்த அவையில் நாங்கள் திறந்து சொல்கிறோம். துணிவின் தூணே! பதவிக்குப் பணியாத பெருமாட்டியே! இந்த அடைமொழிகளை அடிக்க இன்று தங்கள் கையில் பேனா இல்லை.

மறுநாளிலிருந்து பெரியக்கா தினமும் வந்தார். காட்சிப் பொருளில் யாரும் உட்காரக்கூடாது என்ற விதியைத் தாங்களே தளர்த்தி, அந்த அறை நாற்காலியில் அவரை உட்கார வைத்தீர்கள். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். முற்றத்துக் கழுவுமிடம் வந்தது. மணல் சட்டி வந்தது. கவிழ்த்து வைத்த புட்டிகளின் வரிசை வந்தது. துணி துவைக்கும் கல் அறையின் நடுவுக்கே வந்துவிட்டது. மாதந்தோறும் பெண்கள் துவைத்து, மற்றத் துணிகளுக்கு அடியில் மறைத்து உலர்த்திய துணிகளுக்கும் ஒரு கொடி வேண்டும் என்றார். எங்களில் ஆண்கள் சிலர் தயங்கினோம். தாங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். கொடி கட்டப்பட்டது.

அறையின் வாசல் அட்டையை மட்டும் என்னிடம் தராமல் தாங்களே எழுதினீர்கள். "இந்த வீட்டில் குப்பை மிகக் குறைவு. அதற்காக மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டாள்." பெரியக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் கண்ணாடி இல்லாதவர்களும் படிக்கலாமே என்று மட்டும் சொன்னார். அன்றே பெரிதாக்கினோம். உள்ளங்கை அளவை மீறிய ஒரே அட்டை இந்தக் கட்டடத்தில் அதுதான்.

அந்தக் காலம் எவ்வளவு அழகு என்று பேசிக்கொண்டே அந்த அறைக்குள் நுழைபவர்கள் இன்றும் உண்டு. வெளியே வரும்போது கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டு வருவார். எவர் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், எங்களில் பலர் கடைக்குத் துணிப்பை எடுத்துப்போகத் தொடங்கியதும் அந்த அறையால்தான். வீட்டில் அதைத் துவைப்பது யார் என்று தாங்கள் உடனே விசாரித்ததும் உண்மை.

தகைசால் அம்மையீர்! சென்ற வாரம், இந்த விழாவுக்குப் பெரியக்காவை அழைக்கத் தங்கள் வீட்டுக்குப் போனோம். தாங்கள் அலுவலகத்தில் இருந்த நேரம் பார்த்துத்தான் போனோம். பெரியக்கா எங்களை உட்காரவைத்து உபசரித்தார், வருவதாகவும் ஒப்புக்கொண்டார். நாங்கள் விடைபெறும்போது வாசல்வரை வந்து, மெல்லிய குரலில் ஒரு வேலை கொடுத்தார்.

"அவ இனிமே நாள் முழுக்க வீட்ல இருப்பா. எனக்கு ரொம்ப சந்தோஷம். சமையலும் பாத்திரமும் இனியும் என் தலையிலதானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டா, படிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லிடுவா."

பதில் வாங்கித் தருவதாக அந்த வாசலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டோம். உடல் நலமும் உள்ள நிறைவும் ஓயாத உற்சாகமும் தங்களை விட்டு அகலாதிருக்கட்டும்! அக்காவும் தங்கையும் நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் ஒரே கூரையின்கீழ் வாழட்டும்! மடலைச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறோம். பெரியக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழும்படி பதிலைச் சொல்லிவிட்டு, மேடைக்கு வந்து இதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அருங்காட்சியகப் பணியாளர்கள் அனைவரும்.